விடுதிச் சுவரில் பிக்காசோ

ஒரு கல்லூரியைப் பற்றி விசாரிப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது மூன்றே கேள்விகள். கட்-ஆஃப் எவ்வளவு? ஃபீஸ் எவ்வளவு? பிளேஸ்மென்ட் எப்படி? மியூசியம் இருக்கிறதா, கிரவுண்ட் எப்படி, மெஸ்ஸை யார் நடத்துகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இதெல்லாம் பிராஸ்பெக்டஸின் கடைசிப் பக்கத்தில் "பிற வசதிகள்" என்ற தலைப்பின் கீழ் ஒதுங்கிக் கிடக்கும் விஷயங்கள்.

ஆனால் ஒரு கல்லூரி தன் மாணவர்களைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பது அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். அமெரிக்காவில் உள்ள ஓபர்லின் கல்லூரி இதற்கு நல்ல உதாரணம். நல்லதற்கும் உதாரணம், கெட்டதற்கும் உதாரணம்.

ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் ஓபர்லின். கல்லூரி 1833-ல் தொடங்கியது. கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்வது என்று 1835-லேயே முடிவெடுத்தது. 1837-ல் பட்டப்படிப்பில் பெண்களைச் சேர்த்தது. மதுரைக்காரர்களில் சிலருக்கு இந்தப் பெயர் பழக்கமாகக்கூட இருக்கலாம். ஓபர்லின் ஷான்சி என்ற அமைப்பின் மூலம் அங்கே படித்து முடித்த இளைஞர்கள் பல ஆண்டுகளாக அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

முதலில் மியூசியம். ஆலன் நினைவுக் கலை அருங்காட்சியகம் என்று பெயர். 1917-ல் திறக்கப்பட்டது. உள்ளே போகக் கட்டணம் கிடையாது. இதுவரைக்கும் பெரிய விசேஷம் இல்லை, பணக்காரக் கல்லூரிகள் பலவற்றில் இப்படி ஒன்று இருக்கும். விசேஷம் 1940-ல் தொடங்கியது. எலன் ஜான்சன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியை, ஓவியங்களை மாணவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் ஒரு திட்டத்தை ஆரம்பித்தார். ஒரு செமஸ்டருக்கு ஒரு படத்துக்கு வாடகை வெகு காலம் வெறும் 5 டாலராக இருந்தது. படம் என்றால் போஸ்டர் இல்லை, அசல். பிக்காசோவும் டாலியும் போட்ட அச்சோவியங்கள் உள்பட! வாடகைக்கு விடும் நாளுக்கு முந்தைய இரவே மாணவர்கள் மியூசியம் வாசலில் கூடாரம் போட்டு வரிசையில் படுத்துக்கொள்வார்கள். முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் வாங்க நிற்கிற மாதிரி.

யோசித்துப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பையன், அவனுடைய அறையில் அழுக்குத் துணி ஒரு மூலையில், பாதி சாப்பிட்ட பீட்சா இன்னொரு மூலையில். அந்தச் சுவரில் மாட்டிக்கொள் என்று ஒரு அசல் பிக்காசோவைக் கொடுத்து அனுப்புகிறார்கள். "தொடாதே" என்ற பலகைக்குப் பின்னால் ஒரு ஓவியத்தை இரண்டு நிமிடம் பார்ப்பதும், பரீட்சைக்கு முந்தைய ராத்திரி தூக்கம் வராமல் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பதும் ஒன்றா? "உடைத்துவிடுவார்கள், திருடிவிடுவார்கள்" என்ற பயம்தான் எந்த நிர்வாகத்துக்கும் முதலில் வரும். அப்படியிருந்தும் இந்தத் திட்டம் எண்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. நம்பிக் கொடுத்தால் பொறுப்பு தானாக வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அடுத்தது விளையாட்டு. இந்தக் கல்லூரியின் கால்பந்து அணி (அமெரிக்கக் கால்பந்து) 1921-ல் ஒஹையோ ஸ்டேட் என்ற மாபெரும் பல்கலைக்கழகத்தையே தோற்கடித்தது. ஆனால் 1990-களின் கடைசியில் ஆரம்பித்து 2001 வரை தொடர்ந்து 44 ஆட்டங்களில் தோற்றது. 44! கிண்டல் செய்ய இதைவிட வசதியான விஷயம் கிடைக்காது. ஆனால் கிண்டல் செய்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓபர்லின் விளையாடுவது மூன்றாம் டிவிஷனில். அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. அந்தப் பையன்கள் வேதியியல் லேபிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்து, தோற்று, மறுவாரமும் வந்தார்கள். கோப்பைக்காக மட்டும் நடத்தப்படும் விளையாட்டுத் துறை என்றால் இப்படிப்பட்ட அணியை எப்போதோ இழுத்து மூடியிருக்கும்.

இதே விளையாட்டுத் துறைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 19.83 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கியவர் டாமி ஸ்மித். பரிசு மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தியதற்காக விளையாட்டுக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். ஊர் திரும்பியவருக்கு வேலை கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. 1972-ல் அவரைத் தடகளப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது ஓபர்லின். யாரைப் பயிற்சியாளராக வைப்பது என்பதும் ஒரு பாடம்தான்.

மூன்றாவது சாப்பாடு. எல்லாக் கல்லூரியிலும் மாணவர்கள் மெஸ்ஸைத் திட்டுவார்கள். ஓபர்லினில் ஒரு பகுதி மாணவர்கள் திட்டுவதோடு நிற்காமல் 1950-லிருந்து தாங்களே ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்துச் சமைக்கிறார்கள். வாரத்தில் சில மணி நேரம் ஒவ்வொருவரும் காய் நறுக்க வேண்டும், அல்லது பாத்திரம் கழுவ வேண்டும், அல்லது கணக்கு எழுத வேண்டும். சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று புகார் சொல்ல முடியாது, நாளைக்கு நீங்கள்தான் சமைக்க வேண்டியிருக்கும் :-) எண்பது பேருக்கு அரிசி எவ்வளவு என்று ஒரு முறை தப்பாகப் போட்டவனுக்கு அது எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராத பாடம்.

இதுவரை எல்லாம் அழகான கதை. இனிமேல்தான் சங்கடம்.

2020 பிப்ரவரியில் அதே கல்லூரி, தன் உணவுக்கூடங்களிலும் துப்புரவுப் பணியிலும் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தொழிற்சங்க ஊழியர்களின் வேலையை வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தது. பட்ஜெட்டில் பற்றாக்குறை என்பது காரணம். மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் எதிர்த்தார்கள், போராடினார்கள். கேட்கவில்லை. அந்த ஆண்டிலேயே பணிகள் கைமாறின.

நிர்வாகத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பற்றாக்குறை நிஜம். சின்னக் கல்லூரிகள் மூடப்படும் காலம் இது. எங்காவது வெட்டத்தான் வேண்டும். ஆனால் எங்கே முதலில் கத்தி விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஓவியமும் மைதானமும் படிப்பின் பகுதி, சாப்பாடு போடுகிறவரும் கழிப்பறை கழுவுகிறவரும் வெறும் "சர்வீஸ்" என்று ஒரு கோடு கிழிக்கப்பட்டது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போனவர்கள் செலவுக் கணக்கில் ஒரு வரியாகிவிட்டார்கள். ஒரு மாணவனிடம் பிக்காசோவைக் கொடுத்து அனுப்பும் அளவுக்கு நம்பிக்கை வைத்த கல்லூரி, அவனுக்குப் பல வருடங்களாகச் சோறு போட்டவர்களை "இவர்கள் எங்கள் ஆட்கள்" என்று சொல்லத் தயாராக இல்லை. கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் கதவு திறந்ததாகச் சொல்லிப் பெருமைப்படும் கல்லூரி இது. வகுப்பறையில் சமத்துவம் பற்றி எத்தனை லெக்சர் எடுத்தாலும், அந்த வருடம் மாணவர்கள் கற்றுக்கொண்ட பாடம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே அடுத்த முறை தம்பி தங்கைக்குக் கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் கட்-ஆஃபையும் ஃபீஸையும் விசாரித்துவிட்டு இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்க்கலாம். மியூசியத்தின் (அல்லது லைப்ரரியின், லேபின்) சாவி யாரிடம் இருக்கிறது? தோற்கிற அணிக்கு மாலையில் கிரவுண்ட் கிடைக்குமா? மெஸ்ஸில் தட்டு கழுவுகிறவர் யாருடைய ஊழியர்?

மூன்றாவது கேள்விக்குப் பிரின்சிபால் அறையில் பதில் கிடைக்காது. மெஸ்ஸின் பின்வாசலுக்குப் போய் அவரிடமே கேட்க வேண்டும்.