யாருக்கு இந்தக் கருத்துரிமை?

தோழர்களே! முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம், 2025 ஜனவரி 7ஆம் நாள் தன் வெறுப்புப் பேச்சு விதியைத் திருத்தியது. எந்த மதத்தாரையும் இனத்தாரையும் ‘மனநோயாளிகள்’ என்று ஏசலாகாது. தன்பாலீர்ப்பினரையும் திருநரையும் மட்டும் ஏசலாமாம்! என்னே நடுநிலை!

கேட்டால், கருத்துரிமை என்கிறார்கள். உரிமைதான் நோக்கமென்றால் எல்லோரையும் ஏச விட்டிருப்பார்களே! ஆட்பலம் உள்ளோரைத் தொட அஞ்சினார்கள். நாதியற்றோர் முதுகைக் காட்டிச் சாட்டையை நீட்டினார்கள். தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலினின்று உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990இல்! கணிப்பொறி மேதைகளுக்கு அது மட்டும் எட்டவில்லை போலும்.

பள்ளிவிட்டு வந்த பிள்ளை கைபேசியைத் திறக்கிறது. “நீ பைத்தியம்” என்று முகமறியாதவன் எழுதியிருக்கிறான். முறையிட்டால், விதிப்படி குற்றமில்லை என்பார்கள். அந்தப் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால், தோழர்களே, விதியைப் படித்துக் காட்டி வாளாவிருப்பீர்களா?