மடத்துக் கோயிலில் நூல்மனை

வழிபாடு ஓய்ந்துபோன தேவாலயங்களை என் செய்வது என்னும் வினா இன்று ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் முன் நிற்கிறது. அதற்கு நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் நகரம் கண்ட விடை எண்ணத்தக்கது. 1294-இல் அருட்பொழிவு பெற்ற அந்நகரத் தொமினிக்கன் மடத்துக் கோயில், 1794-இல் பிரெஞ்சுப் படை புகுந்தபின் வழிபாடு இழந்தது. பண்டகசாலையாகவும் மிதிவண்டிக் கொட்டகையாகவும் தாழ்ந்தது. 2006-இல் அது புத்தக நிலையமாயிற்று.

புனித இடத்தில் வணிகமோ என வருந்துவோர் உளர். அவ்வருத்தம் மதிக்கத்தக்கதே. ஆயினும், கல்வியைத் தம் கடமையாகக் கொண்ட துறவியரின் மனையில் மிதிவண்டிகளைவிட நூல்கள் இருத்தலே பொருத்தம் என நாம் கருதுகிறோம்.

நாம் பெரிதும் போற்றுவது புதுப்பித்த முறையையே. பல தளங்களாய் உயர்ந்த எஃகு நூலடுக்கு தனித்தே நிற்கிறது. நாளை அதனை அகற்றினும் பழங்கோயில் எஞ்சும். 2014-இல் அங்காடியை நடத்திய நிறுவனம் நொடித்தபோது, பணியாளர்கள் மக்களிடம் பொருள் திரட்டி அதனைத் தொடர்ந்தனர். பயன் இருந்தாலன்றோ மக்கள் காக்க முன்வருவர்?

முன்னோர் எழுப்பிய கட்டடத்தைப் பூட்டி வைத்தால் அது பாழாகும். சிமெண்டும் வண்ணமும் பூசி உருமாற்றினால் அதன் வரலாறு அழியும். பழஞ்சுவருக்கு ஊறு செய்யாத புதுப்பயனையே பெரியோரும் மாணவரும் நாடுதல் வேண்டும்.