காதால் படித்தவர்கள்



சென்ற தவணை முடிவில், பேரனின் தேர்ச்சி அட்டையில் கையெழுத்திட ஒரு பாட்டி பள்ளிக்கு வந்திருந்தார். முப்பது வருடங்களுக்கு மேல் பால்மரம் சீவிய கை. பேனாவை உளி பிடிப்பதைப் போல் பிடித்து, தம் பெயரை எழுத்து எழுத்தாக எழுதி முடித்தார். "பையனை வீட்டில் தினமும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள் பாட்டி" என்றேன்.

"எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் போடத் தெரியும் டீச்சர். அவன் சரியாப் படிக்கிறானா, தப்பாப் படிக்கிறானான்னு நான் என்னத்தக் கண்டேன்? புஸ்தகமெல்லாம் படிச்சவங்களுக்கு எழுதினது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை என் மனத்தை விட்டுப் போகவில்லை. இந்த மாதம் ஸ்பெயின் நாட்டு இலக்கியத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். பாட்டிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அங்கேயே கிடைத்தது.

ஸ்பானிய மொழியின் தலைசிறந்த நாவல் 'தோன் கிஹோத்தே'. ஆங்கிலம் படித்தவர்கள் 'டான் குயிக்ஸாட்' என்பார்கள். முதல் பாகம் 1605-லும் இரண்டாம் பாகம் 1615-லும் வெளிவந்தன. எழுதியவர் மிகெல் தெ செர்வாண்டிஸ். 1547-இல் பிறந்த இவர் சொகுசாக உட்கார்ந்து எழுதியவரல்லர். 1571-இல் லெப்பாண்டோ கடற்போரில் குண்டடி பட்டு இடக்கை வழங்காமல் போயிற்று. 1575-இல் ஊர் திரும்பும் வழியில் கடற்கொள்ளையர் பிடித்து அல்ஜியர்சுக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஐந்து வருடம் அடிமை. தாயும் தமக்கையும் திரட்டிய பணத்தோடு துறவியர் சிலர் மேலும் சேர்த்து, 500 பொற்காசு கட்டி 1580-இல் மீட்டார்கள். பிறகு வரி வசூலிக்கும் வேலை, கணக்கில் தகராறு, 1597-இல் செவில் நகரில் சிறை. இத்தனையும் பட்டவர்தாம் உலகையே சிரிக்க வைத்தார்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். லா மாஞ்சா என்னும் வறண்ட நாட்டுப்புறத்தில், வீரக் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்த ஒரு பெரியவர், தாமும் ஒரு வீரர் என்று எண்ணிக் கிழட்டுக் குதிரையில் புறப்படுகிறார். காற்றாலைகளை அரக்கர்கள் என்று எண்ணி ஈட்டியோடு பாய்ந்து மண்ணில் விழுகிறார். அதை எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அவருக்குப் பின்னால் கழுதையில் போகிறவனைப் பற்றி.

அவன் பெயர் சாஞ்சோ பான்சா. உழைத்துப் பிழைக்கும் குடியானவன். எழுதப் படிக்கத் தெரியாது. நம் பாட்டியைப் போலவே கையெழுத்து மட்டும் போடுவான். வாயைத் திறந்தால் பழமொழி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவான், எசமானர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். ஒரு தீவுக்கு அதிபதியாக்குகிறேன் என்று அவர் சொன்ன வாக்கை நம்பி, பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவன்.

இரண்டாம் பாகத்தில் ஒரு பிரபுவும் அவர் மனைவியும் இவனை வைத்து வேடிக்கை பார்க்க எண்ணி, தங்களுக்குச் சொந்தமான ஓர் ஊரைக் காட்டி, "இதுதான் உன் தீவு, ஆண்டுகொள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். தற்குறி என்ன தீர்ப்புச் சொல்லிவிடுவான் என்று எல்லாருக்கும் சிரிப்பு.

முதல் நாளே இரண்டு கிழவர்கள் வழக்கோடு வருகிறார்கள். "இவனுக்குப் பத்துப் பொற்காசு கடன் கொடுத்தேன், திருப்பித் தரவில்லை" என்கிறார் ஒருவர். "கொடுத்துவிட்டேன், சத்தியம் செய்கிறேன்" என்கிறார் மற்றவர். சத்தியம் செய்யும்போது தம் கைத்தடி இடைஞ்சலாக இருப்பதுபோல், "இதைச் சற்றுப் பிடி" என்று கடன் கொடுத்தவரிடமே கொடுக்கிறார். பணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டதாகச் சத்தியமும் செய்கிறார். பிறகு தடியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். கொடுத்தவரும், 'நான்தான் மறந்துவிட்டேன் போலும்' என்று தலையைத் தொங்கப் போடுகிறார். சாஞ்சோ மூக்கில் விரலை வைத்துச் சிறிது நேரம் யோசிக்கிறான். கிழவரைத் திரும்பக் கூப்பிட்டு, தடியை வாங்கிக் கடன் கொடுத்தவரிடம் தருகிறான். "போய் வாரும், உம் கடன் தீர்ந்தது" என்கிறான். எல்லாரும் விழிக்கிறார்கள். தடியை உடைத்தால் உள்ளே பத்துப் பொற்காசு!

இது எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு அவன் சொன்னதுதான் முக்கியம். தடி கைமாறியதை அவன் கண் கவனித்திருந்தது. அதோடு, இதைப் போன்ற ஒரு வழக்கை ஊர்ப் பாதிரியார் கதையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறானாம். படிக்காதவன்தான். ஆனால் கேட்டிருந்தான், கேட்டதை மறக்கவில்லை.

செர்வாண்டிஸ் இதை வேண்டுமென்றேதான் வைத்தார் என்று நான் நினைக்கிறேன். அந்தக் காலத்து ஸ்பெயினில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். முதல் பாகத்தில் ஒரு சத்திரக்காரன் சொல்கிறான்: அறுவடைக் காலத்தில் விடுமுறை நாட்களில் கதிர் அறுப்பவர்கள் சத்திரத்தில் கூடுவார்களாம். அவர்களில் படிக்கத் தெரிந்த ஒருவன் புத்தகத்தை எடுப்பானாம். முப்பது பேருக்கு மேல் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். சத்திரக்காரன் மனைவிக்கும் இதில் பரம திருப்தி. கதை கேட்கும் நேரத்தில்தான் கணவன் தன்னைத் திட்ட மறந்து போகிறானாம்! (வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் காட்ட விரும்பும் தாய்மார்கள் காட்டலாம்.) இரண்டாம் பாகத்தில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பிலேயே, படிப்பவரோடு படிக்கக் கேட்பவரையும் சேர்த்துக் குறிப்பிடுகிறார்.

சாஞ்சோவின் மனைவி தெரேசாவுக்கும் எழுதத் தெரியாது. ஊரில் படித்த இளைஞன் ஒருவன் எழுதித் தருகிறேன் என்று வருகிறான். அவன் கேலிக்காரன் என்று வேண்டாமென்கிறாள். கோயிலில் பூசைக்கு உதவும் பையனுக்கு ஒரு ரொட்டியும் இரண்டு முட்டையும் கொடுத்து, கணவனுக்கும் பிரபுவின் மனைவிக்கும் கடிதம் எழுதச் சொல்கிறாள். கணவனுக்குப் போன சேதி என்ன? இந்த வருடம் ஒலிவக்காய் காய்க்கவில்லை. ஊரில் ஒரு சொட்டுக் காடி கிடையாது. சந்தியில் இருந்த நீரூற்று வற்றிவிட்டது. மகள் லேஸ் பின்னித் தினம் எட்டுக் காசு சம்பாதித்துச் சீருக்காக உண்டியலில் போடுகிறாள். லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஊருக்குக் கடிதம் சொன்ன நம் பாட்டிமார்களை எனக்கு நினைவிருக்கிறது. என் அம்மாயிக்கு நானே எழுதியிருக்கிறேன், முட்டை வாங்காமல்.

ஸ்பெயினில் இந்தக் கேள்வி வழக்கம் இன்னும் விட்டுப் போகவில்லை. செர்வாண்டிஸ் மறைந்தது 1616 ஏப்ரல் 22. ஆண்டுதோறும் அதையொட்டி மத்ரித் நகரில் இந்த நாவலை இரவு பகலாகத் தொடர்ந்து வாசிக்கிறார்கள். ஒருவர் சிறிது படித்துவிட்டு இறங்க, அடுத்தவர் தொடர்வார். முடிய இரண்டு நாள் ஆகும்.

சென்ற வாரம் அந்தப் பாட்டியை முனியாண்டி கோயில் வாசலில் பார்த்தேன். கைத்தடிக் கதையைச் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டவர், "அப்புறம் அந்தத் தீவு என்னாச்சு?" என்றார்.

ஆட்சி பத்து நாள்கூட நீடிக்கவில்லை. வேளா வேளைக்குச் சாப்பிடவும் விடவில்லை. உடம்புக்கு ஆகாது என்று வைத்தியர் ஒருவர் தட்டுத் தட்டாக எடுத்துவிட்டார். ஓர் இரவு பகைவர் வந்துவிட்டதாகப் பொய்க் கலவரம் செய்து, அவனைக் கீழே தள்ளி மிதித்தும் விட்டார்கள். மறுநாள் காலை சாஞ்சோ ஒன்றும் பேசாமல் உடுத்திக்கொண்டு லாயத்துக்குப் போனான். கழுதையைக் கட்டிப் பிடித்து முத்தமிட்டான். வழிக்கு என்ன வேண்டுமானாலும் கேள் என்றார்கள். கழுதைக்குக் கொஞ்சம் வாற்கோதுமையும், தனக்கு அரைத் துண்டுப் பாலாடைக்கட்டியும் அரை ரொட்டியும் போதும் என்றான்.

"கழுதைக்கும் சேத்துக் கேட்டான் பாருங்க" என்றார் பாட்டி. மறுநாள் காலை அந்தப் பையன் என் மேசைக்கு வந்து நின்றான். அந்தப் புத்தகம் நம் பள்ளியில் இருக்கிறதா என்று பாட்டி கேட்டு வரச் சொன்னாராம்.