பனைவித்தும் பகிர்வும்

தொல்காப்பியர் மரபியலில் ஓரறிவுயிர்களை இருவகையாகப் பகுத்தனர். வயிரம் அகத்தே அமைந்தவை மரம் என்றும், புறத்தே அமைந்தவை புல் என்றும் பெயர் பெற்றன. அவ்வாறாயின் பனையும் தெங்கும் கமுகும் புல்லினமேயாம். வானளாவ நிற்கும் பனையைப் புல்லென்பதா என்று நகைப்பாரும் உளர். ஆனால் இக்காலத்துத் தாவர நூலார் நெல்லையும் மூங்கிலையும் பனையையும் ஒருவித்திலைத் தாவரம் என்னும் ஒரே பெரும்பிரிவில் அடக்கியிருத்தலைக் கண்டால் அந்நகை தானே அடங்கிவிடும்.

இப்பாகுபாடு இலக்கண மாணவர்க்கு மட்டும் உரியதன்று. ஆலும் வேம்பும் ஒரு கிளை பட்டால் மறுகிளையில் துளிர்க்கும். பனையினத்துள் பெரும்பாலானவற்றுக்கோ உயிர்நிலை உச்சியிலுள்ள ஒரே குருத்து. அது கருகின் மரம் மாயும். நம் ஆலயங்களில் குருத்தோலைத் திருநாளுக்கு ஓலை தறிப்போர் இளவோலையைக் கொய்வதன்றி அதன் அடியிலுள்ள முளையைத் தீண்டாமைக்குக் காரணம் இதுவே. உறைபனி பொழியும் நாடுகளில் பனையினம் அருகியிருப்பதற்கும் இதுவே முதற்காரணம். ஐரோப்பாவின் வடபகுதிக் கிறித்தவர் அத்திருநாளில் ஓலைக்கு ஈடாக அலரிக் கொப்பையொத்த வில்லோ மரக் கொப்புகளை ஏந்தி வந்தனர் என்பதை எண்ணும்போது, குளிர் தாங்கும் பனையொன்றைக் கண்டால் அந்நாட்டார் ஏன் அத்துணை மகிழ்கின்றனர் என்பது விளங்கும்.

அத்தகைய பனைகள் உள்ளன. சீனத்தில் மயிர் போன்ற நாரால் அடிமரம் போர்த்தப்பட்ட ஒரு பனை உண்டு. அந்நாரைக் கொண்டு உழவர் மழையங்கி செய்தனர். இராபர்ட் பார்ச்சூன் என்னும் ஸ்காட்லாந்துத் தாவர ஆய்வாளர் அதனை 1849-இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார். சுழியத்துக்குக் கீழ் 15 பாகை வரையிலும் அது குளிரைப் பொறுக்கும். நம் இந்தியாவிலேயே குமாவுன் மலைகளில், பனி மூடும் சரிவுகளில், அதன் உறவினமான தாகில் பனை வளர்கின்றது. இதற்கு 1905-இல் பெக்காரி என்னும் இத்தாலியர் பெயரிட்டார். பனையென்றால் தேரிமணலும் வெயிலுமே என்று எண்ணியிருக்கும் நமக்கு இது வியப்பே.

'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர் பிறந்த ஊரென்று தமிழ் மாணவர் வத்தலக்குண்டை அறிவர். ஏனையோர் கோடைக்கானலுக்குச் செல்லும் வழியென்று மட்டும் அறிவர். அவ்வழியே என் கருத்துக்கு வேண்டுவது. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,000 அடி உயரத்திலுள்ள எம்மூர்ப் புறத்தே வெயிலில் பனையும் தெங்கும் நிற்கின்றன. அங்கிருந்து ஏறும் பாதை 7,000 அடியை எட்டும்போது வெப்பம் 12 பாகை அளவு குறைந்துவிடுகின்றது. மார்கழி, தை இரவுகளில் புல்நுனியில் உறைபனி படிகின்றது. தாழ்நிலப் பனை முதல் குளிர்நிலப் பனை வரை ஒரே மலைப்பாதையில் வளர்த்துப் பார்க்கத் தக்க இடம் தமிழ்நாட்டில் மிகச் சிலவே.

ஆதலின் மலைமேல் சீனப்பனையைப் பெருக நட்டாலென்ன என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். யான் இதற்கு உடன்படேன். பழனி மலையின் இயற்கைப் புல்வெளிகள் சீகை, தைலம், பைன் ஆகிய அயல்மரங்களால் எவ்வளவு மறைந்தொழிந்தன என்பதைக் கண்டும் மீண்டும் அவ்வழியே செல்லுதல் தகாது. சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில் தோட்டத்து அழகுக்கென நட்ட சீனப்பனையின் கனிகளைப் பறவைகள் காட்டுக்குள் கொண்டு சென்றன. அடர்ந்து பரவிய அதனை அடக்க இயலாமல் அந்நாட்டரசு 2024 செப்டம்பர் முதல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. குளிரைத் தாங்குவது என்பது ஒரு மரத்துக்கு நற்சான்று. அது புகுந்த காட்டுக்கு அதுவே கேடாதலும் கூடும்.

நம் மலைகளுக்கு நம் பனைகளே சாலும். மீன்வால் போன்ற இலையுடைய கூந்தற்பனை சோலைக்காட்டுச் சரிவுகளில் உண்டு. இலங்கையில் கித்துள் வெல்லம் தருவதும் இதுவே. வறண்ட மலைச்சாரலில் துடைப்பத்துக்கு உதவும் சிற்றீந்து உண்டு. இவற்றினும் அரியது தென்கோடி மேற்குமலைக்கே உரிய வரைக்கமுகு. சென்னைக்கு ஆளுநராயிருந்து பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநரான பெண்டிங்கு பிரபுவின் பெயரால் தாவர நூலார் இதனை வழங்குவர். மெலிந்து நீண்ட இம்மரத்தின் குருத்தை யானைகள் விரும்பி உண்பதால், அவை எட்டாத செங்குத்துப் பாறைகளிலேயே இது பெரிதும் எஞ்சியுள்ளது. யானைக்குத் தப்பியதை மாந்தர் பெயர்த்தெடுத்தல் எவ்வாற்றானும் நெறியன்று. கோடைக்கானல் காடுகளும் 2013 முதல் வனவுயிர்ப் புகலிடமாயிருத்தலின் அங்கு விதை பொறுக்குதலும் குற்றமாம். தோட்டங்களில் முன்னரே வளர்ந்துள்ள மரங்களின் விதையே நமக்கு உரியது.

இங்குத்தான் பகிர்தல் என்னும் செயல் இன்றியமையாததாகின்றது. அரிய பொருளைப் பூட்டி வைத்துக் காக்கலாம் என்பது பொன்னுக்குப் பொருந்தும், பனைக்குப் பொருந்தாது. தாளிப்பனையை நோக்குக. முப்பது முதல் எண்பது ஆண்டுகள் வரை பூவாது நின்று, பின் உச்சியில் இருபதடிக்கு மேலும் உயர்ந்த ஒரே பூங்கொத்தைக் கோடிக்கணக்கான மலர்களுடன் ஏந்தி, ஓராண்டளவில் கனிகளை உதிர்த்துத் தானும் மாய்ந்துவிடும். அவ்வோராண்டில் விதையைப் பலர் கைக்கொள்ளாவிடின் அம்மரத்தின் வழி அவ்விடத்தில் முடிந்தது. பனையும் ஈந்தும் ஆண் வேறு, பெண் வேறாக நிற்பவை; பூக்கும் வரை இன்னதென அறியவும் இயலாது. தனியொருவன் தன் முற்றத்தில் ஒன்றே நட்டுப் பதினைந்தாண்டு காத்திருந்தால், அயலான் நட்ட துணையின்றி அதில் வித்துப் பிறவாது. மேலும் பலவகைப் பனைவித்துகள் நெல்லைப்போல் உலர்த்திக் குதிரிலிட்டு வைக்கத் தக்கனவல்ல. ஈரம் வற்றின் உயிர் வற்றும். விரைந்து கொடுத்தாலன்றிக் கொடுக்கவே முடியாது.

நம் துறைக்கு இது புதிய பாடமுமன்று. பனையோலையிலும் தாளியோலையிலும் எழுதப்பெற்ற ஏடுகளுள் பிழைத்தவை எவை? பேழையில் பூட்டப்பட்டவற்றைச் செல் அரித்தது. படியெடுத்து ஊர்விட்டு ஊர் சென்றவை டாக்டர் உ. வே. சாமிநாதையர் கைக்கும் சி. வை. தாமோதரம் பிள்ளை கைக்கும் வந்து சேர்ந்தன. ஓலைக்கு நேர்ந்ததே ஓலை தந்த மரத்துக்கும் நேரும். அமெரிக்காவில் பிளாரிடா நாட்டில் 1956-இல் டென்ட் சுமித்து என்பார் பனையன்பர்க்கென ஒரு கழகம் நிறுவினார்; அதன் உறுப்பினர் தமக்குள் வித்துக் களஞ்சியம் ஒன்று அமைத்து உலகெங்கும் விதை பரிமாறினர். இதற்குப் பெருஞ்செல்வம் தேவைப்படவில்லை. அஞ்சல் செலவே போதுமானதாயிற்று.

கொடுப்பது விதையாக இருத்தல் வேண்டும். வளர்ந்த மரமாக இருத்தல் கூடாது. நம் தென்னந்தோப்புக்காரர் நன்கறிந்த சிவப்புக் கூன்வண்டு, வளர்ந்த பனைகளை நாடுவிட்டு நாடு விற்ற வணிகத்தோடு மத்தியதரைக் கரைகளுக்குச் சென்று, அங்குள்ள கனேரித் தீவு ஈந்துகளை ஆயிரக்கணக்கில் வீழ்த்திற்று. மரத்தை வாங்குவோன் அதன் உள்ளிருக்கும் புழுவையும் சேர்த்தே வாங்குகின்றான்.

ஊர்ப்புறத்துப் பனையே செங்கற்சூளையில் எரியும்போது அரிய பனையைப் பற்றிப் பேசுவது வீண் ஆடம்பரமன்றோ என்பது என் ஆசிரியர் ஒருவர் எழுப்பிய தடை. வலிய தடையே. தமிழ்நாட்டு அரசு 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் 76 இலட்சம் பனைவிதைகளை வழங்குவதாகவும், மாவட்ட ஆட்சியர் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்றும் அறிவித்தது. ஆயினும் விதையை எண்ணுவது எளிது. அது மரமாகி நிற்பதை எண்ணுவதே அரிது. ஒரு கூந்தற்பனை விதையை முளைக்க வைக்க ஆறு திங்கள் காத்திருந்த மாணவன் தன் ஊர்ப் பனையில் கோடரி விழுவதைக் கண்டு வாளாவிருப்பான் என்று யான் நம்பவில்லை. அரியதன்பால் கொண்ட ஆர்வமே எளியதன் அருமையைக் காட்டும்.

எனவே நம் கல்லூரி இயற்கைக் கழகத்தாரை யான் வேண்டுவது சிறிது. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் உதிருங்கால் விதை திரட்டி, நாற்றாங்காலில் இடாமல் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுக. கிழங்கு இரண்டு மூன்றடி ஆழ்ந்து இறங்குவதால் பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. கூந்தற்பனைக் கனியைக் கையுறையின்றித் தொடலாகாது. சதை பட்ட இடம் கடுமையாய் அரிக்கும். சதை நீக்கிய விதையை ஈரமணலோடு சாக்கிலிட்டு வைத்தால் வத்தலக்குண்டுப் பேருந்து நிலையத்திலிருந்து அன்று மாலைக்குள் மலைமேல் சேர்த்துவிடலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மணல் யான் கொணர்வேன். சாக்கு யார் தருவார்?