போர் முடியட்டும், கேட்டுக்கிடலாம்

2025 மே மாதம், எல்லையில் ஏவுகணைகள் பறந்த அந்த நான்கு நாட்களில் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு கேள்வி கேட்டேன். இத்தனை கோடிக்கு ஆயுதம் வாங்குகிறோமே, விலை சரிதானா என்று யார் பார்க்கிறார்கள்? மாமா உடனே எழுதினார்: "ஏல, இதுக்கு இதுதான் நேரமா? போர் முடியட்டும், கேட்டுக்கிடலாம்." வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. மாமா தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிச் சரக்குக்குக் கணக்கு எழுதியவர். ஒரு மூட்டை வெங்காயம் குறைந்தால் தோணியை நகரவிட மாட்டார். முத்துக்குளித்த காலத்தில் சிப்பியைக் கரையில் எண்ணிப் பங்கு பிரித்த ஊர் இது. கணக்கு கேட்பது எங்களுக்குப் புதிதும் இல்லை.

ஆனால் மாமாவைக் கிண்டல் செய்யும் தகுதி எனக்கில்லை. இருபது வயதில் நானும் அதையேதான் சொன்னேன், வேறொரு போரைப் பற்றி.

2009 ஜனவரி. இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. 2ஆம் தேதி கிளிநொச்சி விழுந்தது. 29ஆம் தேதி எங்கள் மாவட்டத்துக்காரர் முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்தார். கல்லூரிகளை மூடினார்கள். ஊருக்கு வந்து கடற்கரையில் நின்று அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், 8ஆம் தேதி காலை, லசந்த விக்கிரமதுங்க என்ற பத்திரிகை ஆசிரியர் கொழும்புக்குப் பக்கத்தில் அலுவலகம் போகும் வழியில் கொல்லப்பட்டார். ஹாஸ்டலில் யாரோ இந்தச் செய்தியைச் சொன்னபோது நான் சொன்ன பதில் நன்றாக ஞாபகம் இருக்கிறது: "அவங்க ஊழலை அவங்க பாத்துக்கட்டும். இங்க நம்ம ஆளுங்க செத்துக்கிட்டிருக்காங்க."

அதில் இருந்த தப்பு புரிய எனக்குப் பத்து வருடம் ஆனது.

லசந்தவின் 'சண்டே லீடர்' எழுதிய விஷயங்களில் ஒன்று மிக்-27 பேரம். 2006இல் இலங்கை விமானப்படைக்காக உக்ரைனிலிருந்து நான்கு பழைய மிக்-27 விமானங்கள் வாங்கப்பட்டன. ஏற்கெனவே இருந்தவற்றைப் பழுதுபார்க்கும் செலவும் சேர்த்து 1.4 கோடி டாலருக்கு மேல். நடுவில் பெல்லிமிஸ்ஸா ஹோல்டிங்ஸ் என்று ஒரு கம்பெனி. இதை முதலில் தோண்டியவர் 'சண்டே டைம்ஸ்' இக்பால் அத்தாஸ். 2007இல் அவருக்கிருந்த பாதுகாப்பை அரசு விலக்கிக்கொண்டது. 'லீடர்' மீது அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோத்தபய ராஜபக்ச அவதூறு வழக்குப் போட்டார். முறைகேடே நடக்கவில்லை என்பது அவர் தரப்பு. லசந்த கொலையில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அந்த மிக்-27கள் எங்கே பறந்தன? வன்னிக்கு மேலே. 'அவங்க ஊழல்' என்று நான் ஒதுக்கித் தள்ளியது, நம்ம ஆட்கள் தலையில் விழுந்த குண்டின் பில். அந்தப் பில்லைக் காட்டு என்று கேட்டவர் ஒரு சிங்களவர். நான் அவருக்காக ஒரு நிமிடம்கூட வருத்தப்படவில்லை.

அடுத்ததைச் சொன்னால் சிலர் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிடுவார்கள். பரவாயில்லை. நம்ம பக்கமும் கணக்கு இல்லை. கனடாவிலும் பிரிட்டனிலும் தமிழ்க் குடும்பங்களை மிரட்டி 'இறுதிப் போருக்கு' என்று புலிகள் தரப்பில் பணம் வசூலித்ததை 2006 மார்ச்சில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையாகவே வெளியிட்டது. சீட்டுக் கட்டி, கிரெடிட் கார்டு தேய்த்துச் சேர்த்த காசு. அது எங்கே போகிறது என்று கேட்டவன் துரோகி. கொழும்பில் கேட்டவனும் துரோகிதான். இரண்டு பக்கமும் பதில் ஒன்றே: போர் முடியட்டும். முடிந்ததே, யாராவது கணக்கு காட்டினார்களா?

என் தொழிலில், சர்வர் விழுந்துகிடக்கும் நள்ளிரவில்தான் லாக் ரொம்ப முக்கியம். "அவசரம், முதல்ல லாக்கை நிறுத்து" என்று ஒருத்தன் சொன்னால் அவன்மேல்தான் சந்தேகம் வரும். போரில் அவசரம் என்பதால் டெண்டர் கிடையாது. ரகசியம் என்பதால் விலை வெளியே தெரியாது. கேட்டால் தேசபக்தி இல்லாதவன். திருடனுக்கு இதைவிட நல்ல சீசன் உண்டா?

வெள்ளைக்காரனுக்கு இது புரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941இலேயே, போர் மற்றும் வழங்கல் துறைக் கொள்முதலில் புரண்ட லஞ்சத்தைப் பிடிக்கத் தனிக் காவல் அமைப்பு ஒன்றை உருவாக்கினான். நல்லெண்ணமெல்லாம் இல்லை, ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். அதுதான் 1963இல் சிபிஐ ஆனது. அதே சிபிஐயை 2011இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் அந்த விலக்கைத் தரும் 24ஆம் பிரிவே, ஊழல் புகார் பற்றிய தகவலுக்கு விலக்கு இல்லை என்றும் சொல்கிறது. மாமாவுக்கு அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

"எதிரிக்குத் தெரிஞ்சிரும்லா?" என்பார்கள். படை எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. முட்டை என்ன விலை என்று கேட்கிறோம். நிஜமாகவே முட்டைதான். 2023 ஜனவரியில், ரஷ்யக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போதே, உக்ரைன் ராணுவத்துக்குக் கடை விலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்து முட்டை வாங்க ஒப்பந்தம் போட்டதை ஒரு பத்திரிகையாளர் வெளியே கொண்டுவந்தார். துணை அமைச்சர் பதவி விலகினார். 2025 ஜூலை 22 அன்று அதே நாட்டில் ஊழல் தடுப்பு அமைப்புகளின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டத்தில் ஜெலன்ஸ்கி கையெழுத்திட்டார். ராணுவச் சட்டம் அமலில் இருக்கும் கீவ் நகரில் இளைஞர்கள் அட்டையில் எழுதிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். ஒன்பதே நாளில் நாடாளுமன்றம் பின்வாங்கியது. அவர்களில் யாரும் போரில் தோற்க ஆசைப்பட்டவர்கள் இல்லை.

இலங்கையில் போரை ஜெயித்தவர்களிடம் அப்படிக் கேட்க ஆளில்லாமல் போனது. கோத்தபய 2019இல் ஜனாதிபதி ஆனார். 2022 ஜூலை 13 அன்று விமானப்படை விமானத்தில் ஏறி மாலத்தீவுக்கு ஓடினார். வரிக்குறைப்பு, கடன், உரத்தடை என்று வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் அதற்குப் பொறுப்பானவர்களில் ராஜபக்ச சகோதரர்களும் உண்டு என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

அவர் ஓடியதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் வ.உ.சி. துறைமுகத்தில் இலங்கைக்கு அரிசியும் பால் பவுடரும் கப்பலேறின. டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா என்னிடம் திரும்பிக் கேட்டார்: "ஒரு மூட்டைக்கு எத்தனை கிலோ போடுதான்ல?"