துபாஷிகளை உருவாக்கவா பல்கலைக்கழகங்கள்?

மாணவர் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால், நாளேடுகளின் கல்வி விளம்பரங்களில் ஒரு வாக்குறுதி தவறாமல் இடம்பெறுகிறது. சர்வதேச வணிகத்தோடு ஜப்பானிய மொழியையோ கொரிய மொழியையோ சேர்த்துப் படித்தால் பன்னாட்டு நிறுவனத்தில் வேலை உறுதி என்பதே அது. வேலையின்மை தாண்டவமாடும் நாட்டில் இவ்விளம்பரத்தை நம்பும் மாணவரையோ, கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோரையோ குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால், அந்த மொழி யாருக்காகக் கற்பிக்கப்படுகிறது என்று கேட்கும் உரிமை உண்டு.

அயல்மொழிக் கல்விக்கு நாம் எதிரிகள் அல்லர். பொருளாதாரத்தையும் பிறமொழியையும் இணைத்துக் கற்பதற்கு மார்க்சைவிடச் சிறந்த முன்னுதாரணம் இல்லை. ஐம்பது வயதைக் கடந்த பின்னர் அவர் ரஷ்ய மொழியைக் கற்கத் தொடங்கினார். ரஷ்யத் தொழிலாளர்களின் நிலைமை பற்றி ஃபிளெரோவ்ஸ்கி எழுதிய நூலை மூலத்திலேயே படிக்க விரும்பியதே அதற்குக் காரணம். உழைப்பவர் எப்படி வாழ்கிறார் என்பதை அவருடைய நாட்டு மொழியிலேயே அறியும் வேட்கை அது.

இன்று அரசின் வேட்கை வேறு. 2017 செப்டம்பரில் மோடியும் ஷின்சோ அபேயும் சந்தித்தபோது, ஐந்தாண்டுகளில் இந்தியாவின் 100 உயர்கல்வி நிறுவனங்களில் ஜப்பானிய மொழிக் கல்வி, 1,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று இலக்கு வகுத்தனர். 2020 ஜூலையில் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிகளில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளாகக் கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்ச்சுகீசியம், ரஷ்யம் ஆகியவற்றைக் குறிப்பிட்டது. 2019ஆம் ஆண்டு வரைவில் இருந்த சீன மொழி இறுதி ஆவணத்தில் காணாமற்போயிற்று. வணிகம்தான் அளவுகோல் என்றால் இதற்கு என்ன விளக்கம்? 2023-24 நிதியாண்டில் மட்டும் சீனத்திலிருந்து நாம் செய்த இறக்குமதி 10,000 கோடி டாலரைத் தாண்டியது. சரக்கு வரலாம், மொழி வரக்கூடாது என்பது எந்த வணிகத் தர்க்கம்?

பட்டியலில் இடம்பெற்ற மொழிகளேனும் முழுமையாகக் கற்பிக்கப்படுகின்றனவா? 'கைசென்' என்ற ஜப்பானியச் சொல் மேலாண்மை மாணவர் அனைவருக்கும் மனப்பாடம். இடையறாத மேம்பாடு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உற்பத்தி வரிசையில் நிற்கும் தொழிலாளிக்கோ, அது ஒவ்வோர் அசைவிலும் சில விநாடிகள் பறிபோவது என்றே பொருள்படும். அதே மொழியில் 'கரோஷி' என்றும் ஒரு சொல் உண்டு. அளவுமீறிய வேலையால் நேரும் மரணத்தைக் குறிப்பது அது. அதைத் தடுப்பதற்கென்றே 2014இல் ஜப்பான் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. 'ஷுன்டோ' என்பது இன்னொரு சொல். 1950களின் நடுப்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் இளவேனிலில் ஜப்பானியச் சங்கங்கள் ஒருங்கிணைந்து நடத்தும் ஊதியப் போராட்டம் அது. கைசென் ஜப்பானிய மொழி என்றால், கரோஷியும் ஷுன்டோவும் எந்த மொழி? இவ்விரண்டையும் கற்பிக்கும் வணிக வகுப்பறைகள் எத்தனை?

ஸ்ரீபெரும்புதூரை நினைத்துப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள், சங்கம் அமைக்கும் உரிமைக்காகச் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் கொரியாவில் அதே நிறுவனத்தின் தொழிலாளர்கள் காலவரையற்ற வேலைநிறுத்தத்தை அறிவித்திருந்தனர். சங்கமே கூடாது என்ற கொள்கையைக் கைவிடுவதாக, அந்நிறுவனத்தின் அன்றைய துணைத் தலைவர் லீ ஜே-யோங் 2020 மே மாதத்திலேயே தம் நாட்டு மக்கள் முன் அறிவித்துமிருந்தார். அங்கே கொரிய மொழியில் கொடுத்த வாக்கை இங்கே தமிழில் நிறைவேற்றுங்கள் என்று கேட்க, கொரியமும் வணிகமும் படித்த எத்தனை பட்டதாரிகள் தொழிலாளர் பந்தலில் இருந்தனர்? பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்குப் பயிற்சி தரப்படுவது எந்தப் பக்கத்து நாற்காலிக்கு?

அந்த நாற்காலி நம் வரலாற்றுக்குப் புதிதன்று. சென்னையிலும் புதுச்சேரியிலும் கம்பெனிக்காரர்கள் வணிகம் செய்த காலத்தில் அதில் அமர்ந்தவருக்குத் துபாஷி என்று பெயர். அவர் இருமொழி அறிந்தவர். ஆனால், விசுவாசம் ஒரு பக்கத்துக்கே.

கொரியாவின் வரலாறு வேறொரு பாடத்தையும் சொல்கிறது. சியோல் நகரின் பியோங்வா சந்தையில் துணி வெட்டும் தொழிலாளியாக இருந்தவர் ஜோன் தே-இல். தொழிலாளர் தரநிலைச் சட்டம் என்ற ஒன்று இருப்பதை அறிந்து, அந்நூலை வாங்கிப் படிக்க முயன்றார். சீன எழுத்துகளும் சட்டச் சொற்களும் மண்டிய அந்நூல் அவருக்கு எளிதில் பிடிபடவில்லை. விளக்கிச் சொல்லக் கல்லூரி மாணவர் ஒருவர் தமக்கு நண்பராக இல்லையே என்று ஏங்கினார். 1970 நவம்பர் 13 அன்று, அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரித் தம் உடலுக்குத் தீயிட்டுக்கொண்டார். வயது 22. அதன் பின்னரே கொரிய மாணவர்கள் ஆலைகளை நோக்கி நடந்தனர். மொழி கற்றவனின் கடமை எது என்பதற்கு இதைவிடத் துயரமான விளக்கம் உண்டோ?

மொழிபெயர்ப்பையே கட்சிப்பணியாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். சொல்லுக்கும் வர்க்கச் சார்பு உண்டு. ஒன்றிய அரசின் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தில் வரும் ஒரு வேலைமுறையைச் சிலர் 'நிலையான கால வேலை' என்று தமிழாக்குகின்றனர். படிப்பவருக்கு நிரந்தர வேலை என்ற மயக்கம் ஏற்படும். உண்மையிலோ, குறித்த நாளில் ஆளை வெளியேற்றும் ஏற்பாடு அது. 'குறித்த கால வேலை' என்று எழுதினால் மயக்கம் தீரும். ஒரே சொல்லில் இத்தனை பள்ளம் என்றால், இரு நாட்டுச் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் கையாளப்போகும் மாணவருக்கு, விருந்தினரை வணங்கும் முறையும் முகவரி அட்டையை நீட்டும் முறையும் மட்டும் போதுமா?

எனவே நாம் கோருவது மொழிக் கல்வியின் குறைப்பை அன்று, விரிவை. சர்வதேச வணிகத்தோடு மொழி பயிலும் மாணவருக்கு அந்நாட்டின் தொழிலாளர் சட்டமும் தொழிற்சங்க வரலாறும் இலக்கியமும் கட்டாயப் பாடமாக வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் இப்படிப்பு சுயநிதிக் கடையாக இல்லாமல், நிரந்தர ஆசிரியர்களைக் கொண்ட முறையான துறையாக நடத்தப்பட வேண்டும். சீன மொழியைப் பட்டியலில் மீண்டும் சேர்க்க வேண்டும். ஆங்கிலத்தை இடையில் நிறுத்தாமல், தமிழிலிருந்தும் வங்கத்திலிருந்தும் மராத்தியிலிருந்தும் நேரே கொரியத்துக்கும் ஜப்பானியத்துக்கும் செல்லும் மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்க வேண்டும்.

மூலதனம் பல மொழிகள் பேசுகிறது. தொழிலாளி வர்க்கம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள மட்டும் மொழியின்றி நிற்க வேண்டுமா? மாணவர் அமைப்புகள் இக்கோரிக்கைகளை ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் வாயிலிலும் எழுப்பட்டும். ஜோன் தே-இல் ஏங்கிய அந்த நண்பர் நம் வகுப்பறைகளிலிருந்து வரட்டும்.