வீதி யாருக்கு, தண்டம் யாருக்கு?

போக்குவரத்துச் சட்டம் எல்லோர்க்கும் பொது என்பர். ஏட்டில் உள்ள விதிகளை மட்டும் நோக்குவோர்க்கு அது மெய்யாகவே தோன்றும். எத்தகைய நகரத்தில், யார்மீது அது பாய்கின்றது என்று வினவும்போதே அதன் சுயரூபம் வெளிப்படும். மோட்டார்க் காரையே உயிர்நாடியாகக் கொண்ட அமெரிக்க நகரங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

அங்கும் வீதி ஒருகாலத்தில் நடப்போர்க்கும் விளையாடும் சிறுவர்க்கும் உரியதாயிருந்தது. கார் பெருகிய 1920களில் அவ்வுரிமை பறிபோயிற்று. 1925இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் பாதசாரிகளைக் கட்டுப்படுத்தும் விதிகளை இயற்றிப் பிற நகரங்களுக்கு வழிகாட்டிற்று. தக்க காரணம் இருப்பின் நீதிமன்ற ஆணையின்றியே காரைச் சோதனையிடலாமென அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அவ்வாண்டிலேயே. சிறு போக்குவரத்துக் குற்றத்தைச் சாட்டாக வைத்து, வேறு நோக்கத்தோடு வண்டியை மறிப்பதும் செல்லுமென 1996இல் அதே மன்றம் கூறியது. காரின்றிப் பிழைக்க வழியில்லாத நகரில் இதன் பொருள் யாது? உழைக்கப் புறப்படும் ஒவ்வொருவரும் நாள்தோறும் பொலிசாரின் கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தப்படுகின்றனர் என்பதே.

மிசூரி மாநிலத்துப் பேர்கசன் நகரைப் பாருங்கள். 2014 ஓகஸ்டில், நடுவீதியில் நடந்து சென்றமைக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரால் மறிக்கப்பட்ட மைக்கல் பிரௌன் என்னும் 18 வயது இளைஞர், சில நிமிடங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2015இல் அமெரிக்க நீதித் திணைக்களம் வெளியிட்ட அறிக்கை, அந்நகரின் பொலிசார் பாதுகாப்பைவிட வருமானத்தையே குறியாகக் கொண்டிருந்தனர் என்பதை அம்பலப்படுத்தியது. சனத்தொகையில் 67 சதவீதமான கறுப்பின மக்கள், மறிக்கப்பட்ட சாரதிகளில் 85 சதவீதமாயிருந்தனர். வீதியில் நடந்த முறை குற்றமெனச் சாட்டப்பட்டோரில் 95 சதவீதத்தினரும் அவர்களே! தண்டப்பணம் கட்ட இயலாத ஏழைக்குப் பிடியாணை பிறக்கும். சாரதி அனுமதிப்பத்திரமும் பறிபோகும். காரின்றி வேலைக்குப் போக முடியாது. அனுமதியின்றி ஓட்டினாலோ மீண்டும் தண்டம். இது ஒழுங்கா, சுரண்டலா?

பொலிசார் இல்லையேல் வீதியில் உயிர்கள் மடியுமே என்று சிலர் வாதிப்பர். விபத்தின் கொடுமையை நாமும் மறுக்கவில்லை. ஆனால், வேகத்துக்கென்றே அகன்ற நேர்வீதிகளை அமைத்துவிட்டு, வேகமாய்ச் செல்பவனை மறைந்திருந்து பிடிப்பது நோயை வளர்த்து மருந்து விற்பதையொக்கும். நகர மையத்தில் கார் நிறுத்துமிடங்களை நீக்கி, வேக எல்லையையும் குறைத்த ஒஸ்லோ நகரில், 2019ஆம் ஆண்டு முழுவதிலும் பாதசாரியோ சைக்கிளோட்டியோ ஒருவரேனும் வீதி விபத்தில் இறக்கவில்லை.

ஆகவே, வேண்டுவது துப்பாக்கி ஏந்திய தண்டக்காரர் அல்லர்; மலிவான பஸ்களும், அஞ்சாது நடக்கத்தக்க வீதிகளுமே. வீதி ஒழுங்கை மாணவர்க்குப் போதிக்கும் ஆசிரியர்களாகிய நாம், அவ்வீதியை யார், யாருக்காக அமைத்தனர் என்ற வினாவையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.